டிஸ்க் போடும் பிஎஸ் 5-ஆ, டிஜிட்டலா? பழைய கேமை விற்கும் உரிமையையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம்

மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடையில் நின்றுகொண்டு பலர் குழம்பும் இடம் இதுதான். டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ் 5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) வாங்குவதா, அது இல்லாத டிஜிட்டல் எடிஷனை வாங்கி மிச்சப் பணத்தில் இரண்டு கேம் வாங்குவதா? 2021 பிப்ரவரியில் பிஎஸ் 5 இந்தியாவுக்கு வந்தபோது முதலாவது 49,990 ரூபாய், இரண்டாவது 39,990 ரூபாய். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பக்கமும் இதே கதைதான். சீரிஸ் எக்ஸில் டிஸ்க் போடலாம், சீரிஸ் எஸ்ஸில் முடியாது.

அந்தப் பத்தாயிரம் ரூபாய் பெட்டியின் விலை வித்தியாசம் மட்டும். டிரைவ் இருந்தால் முடித்த கேமை விற்கலாம், சித்தப்பா மகனுக்குக் கொடுத்து வாங்கலாம், யாரோ முடித்த கேமைப் பாதி விலைக்கு வாங்கலாம். டிரைவ் இல்லாவிட்டால் இவை மூன்றும் இல்லை. பழைய கேம் கைமாறுவதைத் தடுக்கலாமா என்று கம்பெனிகள் பல நாடுகளின் நீதிமன்றங்களில் இருபது வருஷத்துக்கு மேலாக வாதாடி வருகின்றன. டிஸ்க் விஷயத்தில் பெரும்பாலும் தோற்றன. வழக்கில் கிடைக்காத தடை, டிரைவ் இல்லாத பெட்டியின் வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதனால் பெட்டியின் விலையோடு அந்த உரிமையின் விலையையும் சேர்த்துப் போட வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், கையைவிட்டுப் போகும் நிகரப் பணம். வாங்கிய விலையிலிருந்து விற்றால் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து வருவது. கேம் செலவைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இந்தக் கழித்தலைச் செய்யாததால் வருபவை.

அடுத்தது, கேம் எத்தனை வருஷம் நம் கையில் ஓடும் என்பது. பிறகு நெட். வீட்டுக்கு ஃபைபர் வந்திருக்கிறதா, அல்லது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறோமா? வீட்டில் எத்தனை பேர், எத்தனை கன்சோல் என்பதும் உண்டு. கடைசியாக, நம் காசு கேமைச் செய்தவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதையும் அளவுகோலாக வைக்கிறோம். பழைய டிஸ்க்கில் அவருக்கு ஒரு பைசா போகாது. அதை மறைத்துவிட்டு மறுவிற்பனைக்கு வக்காலத்து வாங்குவது சரியல்ல.

## விற்பது சட்டப்படி சரியா?

டிஸ்க்கை விற்பது சரி. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, கணினி நிரலின் பிரதியை விற்கவும் வணிக வாடகைக்கு விடவும் பதிப்புரிமையாளருக்கு உரிமை தருகிறது. 1994-இல் வந்த திருத்தம், அந்தப் பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் அந்த உரிமை தொடரும் என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்தது. அது நிலைத்திருந்தால், பழைய டிஸ்க் கைமாறும்போதெல்லாம் கம்பெனி குறுக்கே வரலாம். 1999 திருத்தம் அந்தத் தொடரை நீக்கியது. 2021 மார்ச் 2-ஆம் தேதி மென்பொருள் வரி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருள் வடிவில் வாங்கிய மென்பொருளை ஒரு விநியோகஸ்தர் மறுபடி விற்பது இந்தப் பிரிவுக்குள் வராது என்று விளக்கியது.

வாடகை வேறு. டிஸ்க்கை நாள் கணக்கில் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் தொழிலுக்குப் பதிப்புரிமையாளரின் அனுமதி வேண்டும். நண்பருக்கு இரவல் கொடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜப்பானில் கம்பெனிகள் நேரடியாகவே வழக்குப் போட்டன. கேம் என்பது சினிமா போன்ற படைப்பு, அதனால் அதன் பிரதி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு என்பது அவற்றின் வாதம். சினிமா போன்ற படைப்புதான் என்று ஒத்துக்கொண்ட அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முதல் விற்பனையோடு அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது என்று 2002 ஏப்ரல் 25-இல் தீர்ப்பளித்தது.

டவுன்லோடு செய்த கேமில் நிலைமை தலைகீழ். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் டவுன்லோடு செய்த மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்றபோது நம்பிக்கை பிறந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சு நுகர்வோர் அமைப்பு ஒன்று பிசி கேம்களை டவுன்லோடாக விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் மீது தொடுத்த வழக்கில் 2019-இல் வென்றது. 2022-இல் மேல்முறையீட்டில் தோற்றது, 2024-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் கடைகள் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட முடியாது. நமக்கும் அதே நிலைதான். நாம் அழுத்தும் பட்டனில் என்ன எழுதியிருந்தாலும் கிடைப்பது உரிமம்.

## கம்பெனிகளின் வாதத்தில் நியாயம் எங்கே?

ஒரே டிஸ்க் ஐந்து பேரிடம் கைமாறினால் கம்பெனிக்கு ஒரு விற்பனை. ஆனால் ஐந்து பேரும் ஆன்லைனில் ஆடும் சர்வர் செலவு கம்பெனியுடையது. இதைச் சொல்லித்தான் கேம் வெளியிடும் இ.ஏ. நிறுவனம் 2010-இல் ‘ஆன்லைன் பாஸ்’ கொண்டுவந்தது. பழைய டிஸ்க் வாங்கியவர் ஆன்லைனில் ஆட இன்னும் பத்து டாலர் கட்ட வேண்டும். மூன்று வருஷத்தில் அந்தத் திட்டத்தை அதுவே கைவிட்டது. 2013 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விதிகள் இன்னும் கடுமை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் சரிபார்ப்பு, கேமைப் பிறருக்குக் கொடுக்க ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் குறைந்தது 30 நாள் நண்பர் பட்டியலில் இருப்பவருக்கு மட்டும். சோனி தன் பிஎஸ் 4-இல் அப்படி எதுவும் இல்லை என்று மேடையேறிச் சொன்னது. ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. வாங்குகிறவர்கள் சத்தம் போட்டால் கம்பெனி இறங்கிவரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

பெரிய கம்பெனிகளின் நஷ்டக் கணக்கு எங்களுக்கு முழுதாக ஏற்புடையதல்ல. பழைய கேமை விற்ற காசு பெரும்பாலும் அடுத்த புது கேமுக்குத்தான் போகிறது. திரும்ப விற்கலாம் என்ற தைரியத்தில்தான் பலர் முதல் வாரமே முழு விலை கொடுக்கிறார்கள். சின்னக் குழுக்களின் விஷயம் வேறு. 2023 ஜூலையில் வந்த ‘வெண்பா’ என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். இப்படிப்பட்ட கேம் ஒரே பிரதியாகப் பத்துக் கைகள் மாறினால் செய்தவர் அடுத்ததைச் செய்ய முடியாது. அப்படிப்பட்டவற்றை முழு விலைக்கு டவுன்லோடு செய்யுங்கள் என்றே சொல்வோம்.

## புது டிஸ்க்

பிஎஸ் 5-இன் பெரிய கேம்கள் முதல் நாளில் 4,000 முதல் 5,000 ரூபாய். 4,999 கொடுத்து வாங்கி, ஒரு மாதத்தில் முடித்து 3,000-க்குக் கொடுத்தால் செலவு 1,999. அதையே டவுன்லோடாக வாங்கியவருக்கு 4,999-உம் செலவு. கேமுக்கு 3,000 மிச்சம் என்றால், நான்காவது கேமிலேயே டிரைவின் பத்தாயிரம் திரும்பிவிடும். (விற்கும் விலைகள் கணக்குக் காட்ட எடுத்தவை. நீங்கள் வாங்கும் நாளில் உள்ளூரில் என்ன போகிறது என்று பார்த்து அதைப் போடுங்கள்.)

மறைந்திருக்கும் செலவு நேரம். கதை உள்ள கேமின் விலை முதல் இரண்டு மாதம் ஓரளவு நிற்கும், பிறகு சரியும். கால்பந்து போல வருஷா வருஷம் வருபவை, செப்டம்பர் கடைசியில் அடுத்த பதிப்பு வந்ததும் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். அதை விற்பதானால் ஆகஸ்டுக்குள் விற்றுவிட வேண்டும். கட்டணம் கட்டிப் பல கேம் ஆடவிடும் சந்தா ஒன்றின் பட்டியலில் ஒரு கேம் சேர்ந்த அன்றும் டிஸ்க்கின் மதிப்பு விழும். முடித்தும் விற்காமல் அலமாரியில் அடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது.

கூடுதல் பகுதிகளுக்காகப் பெட்டிக்குள் வரும் கோட் சீட்டை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பயன்படுத்தவில்லை என்றால் விற்கும்போது அதைச் சொல்லுங்கள், விலை கூடும்.

## பழைய டிஸ்க்

நிகரச் செலவில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 1,800-க்கு வாங்கி 1,300-க்குக் கொடுத்தால் 500 ரூபாயில் ஒரு கேம் முடிந்தது. அதே கேம் ஆன்லைன் கடையில் பாதி விலைக்கு வரும்வரை காத்திருந்தாலும் 2,499. ஆனால் ஏமாற இடம் உள்ளதும் இதில்தான்.

டிஸ்க்கை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கோடுகளால் பெரும்பாலும் தொல்லை இல்லை. வட்டமாகச் சுற்றி ஓடும் கீறல் ஆபத்து, ஏனென்றால் தகவல் எழுதப்பட்டிருப்பதும் அதே வட்டப் பாதையில். நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். டிரைவில் சுற்றும்போது அது விரியும்.

டூத் பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் பழைய வைத்தியத்தை இங்கே செய்யாதீர்கள். சிடியில் தகவல் அடுக்குக்கு மேல் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருந்தது, டிவிடியில் 0.6. அதனால் மேல்தோலைத் தேய்த்து எடுக்க இடம் இருந்தது. பிஎஸ் 4, பிஎஸ் 5 டிஸ்க்குகள் புளூ-ரே. அதில் அந்தத் தோல் 0.1 மில்லிமீட்டர்தான், மேலே கெட்டியான பூச்சு வேறு. தேய்த்தால் பூச்சு போய்விடும், பிறகு சின்னத் தூசியும் கீறும். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தால் போதும்.

கண்ணால் பார்ப்பது போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரியார் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்று காசு மாற்றிக்கொள்வதைவிட, பக்கத்தில் உள்ள கேமிங் சென்டர் ஒன்றில் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரக் கட்டணம் கட்டி அங்கே போட்டுப் பார்ப்பது நல்லது. அந்த கன்சோலில் அதே கேம் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருந்தால் சோதனை பலிக்காது. டிஸ்க்கை அது அடையாளம் பார்க்க மட்டும் படிக்கும். இன்ஸ்டால் ஆகாத கன்சோலில், நெட்டைத் துண்டித்துவிட்டுப் போடுங்கள். டிஸ்க்கிலிருந்து காப்பி ஆகும் சதவீதம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் படிக்கவில்லை என்று அர்த்தம். முழுதும் காப்பி ஆகி, நெட் இல்லாமலேயே கேம் திறந்தால் டிஸ்க் நலம், கேமும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. சில கேம்களில் டிஸ்க்கில் கொஞ்சம்தான் இருக்கும், மீதி டவுன்லோடு. அட்டையின் முன்புறமோ பின்புறமோ அது சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

அட்டையில் எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். பிஎஸ் 4, பிஎஸ் 5 கன்சோல் எந்த நாட்டு டிஸ்க்கையும் ஓட்டும். ஆனால் பின்னால் வாங்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கின் நாட்டோடு பொருந்தினால்தான் வேலை செய்யும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த டிஸ்க் என்றால் இந்திய அக்கவுண்டில் வாங்கிய கூடுதல் பகுதி சேராமல் போகலாம். அடிப்படை கேம் மட்டும் போதும் என்றால் கவலை இல்லை.

பிஎஸ் 4 டிஸ்க்கை மலிவாக வாங்கி பிஎஸ் 5-இல் மேம்பட்ட பதிப்புக்கு மாற்றிக்கொள்ளும் வசதி சில கேம்களில் உண்டு. அப்போதும் ஆடும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். டிஜிட்டல் எடிஷன் வைத்திருப்பவருக்கு அந்த டிஸ்க் உதவாது.

மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி போன்ற இடங்களில் நேரில் பார்த்து வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம், கூரியர்தான் வழி. அனுப்புகிறவரிடம் டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டும் வீடியோவும், அது கன்சோலில் ஓடும் வீடியோவும் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் டிஸ்க் பிடியிலிருந்து கழன்று உருண்டு கீறுவதுதான் வழியில் நடக்கும் சேதம். டிஸ்க்கின் மேல் மெல்லிய துணியோ தாளோ மடித்து வைத்து மூடச் சொன்னால் கழலாது.

## டவுன்லோடு

நெட் நன்றாக உள்ள வீட்டுக்கு இது வசதி. 100 ஜிபி கேம் 30 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏழரை மணி நேரம் எடுக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் அதே கேமுக்கு ஐம்பது நாள். முதல் பிஎஸ் 5-இல் 825 ஜிபி சேமிப்பகத்தில் நமக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். ஆறேழு பெரிய கேமுக்குப் பிறகு அழித்து அழித்துப் போட வேண்டும். டிஸ்க் வாங்கினாலும் இன்ஸ்டால் இடம் அதே அளவு பிடிக்கும், ஆனால் திரும்பப் போடும்போது பெரும்பகுதி டிஸ்க்கிலிருந்தே வந்துவிடும்.

இதன் உண்மையான பலம் குடும்பத்தில் தெரியும். ஒரு அக்கவுண்டுக்கு ஒரு பிஎஸ் 5-இல் ‘கன்சோல் ஷேரிங்’ போட்டுவைக்கலாம். அந்த கன்சோலில் வீட்டில் எல்லோரும் தங்கள் தங்கள் பெயரில் ஆடலாம், அக்கவுண்ட்காரர் ஹாஸ்டலில் தன் இன்னொரு கன்சோலிலும் அதையே ஆடலாம். அண்ணன் கோவையில், தம்பி அண்ணா நகரில் என்று இரண்டு கன்சோல் உள்ள வீட்டுக்கு டிஜிட்டல் கணக்கு பாதியாகிறது.

இழப்பது என்ன? பிடிக்காத கேம் என்று தெரிந்தாலும் பணம் திரும்பாது. பிளேஸ்டேஷன் கடையில் வாங்கி 14 நாளுக்குள், அதுவும் டவுன்லோடு தொடங்காமல் இருந்தால்தான் ரீஃபண்ட். ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கிடைக்கும். பிசியில் ஆடுகிறவர்களுக்குத் தேர்வே இல்லை என்பதால்தான் இந்த ஒப்பீட்டில் பிசியை எடுக்கவில்லை. 2004-இல் ‘ஹாஃப்-லைஃப் 2’ பெட்டியில் வந்தபோதே ஸ்டீம் அக்கவுண்டில் சேர்க்காமல் ஓடாது. அந்த வழி பரவி, பிசியில் பழைய கேம் சந்தை அழிந்தது.

கடை மூடும் அபாயமும் இருக்கிறது. நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. வாங்கியவற்றை மீண்டும் இறக்கும் வழியை விட்டுவைத்தார்கள். புதிதாக வாங்க முடியாது. டிஸ்க் இருந்தால் எல்லாம் காப்பாற்றப்படும் என்றும் நம்ப வேண்டாம். ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் கேம் ஓடவில்லை.

## சந்தா

சோனியின் பிஎஸ் பிளஸ் எக்ஸ்ட்ரா போன்ற சந்தாக்கள் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து கேம் தொட்டுப் பார்ப்பவருக்கு லாபம். இரண்டு கேமை ஆற அமர ஆடுபவருக்கு நஷ்டம். கேம்கள் பட்டியலை விட்டு வெளியேறிக்கொண்டே இருக்கும். பாதியில் நிற்கும் கேம் போய்விட்டால் சேமித்த நிலை மட்டும் நம்மிடம் இருக்கும், தொடர அதை விலைக்கு வாங்க வேண்டும். மாதாமாதம் சேர்த்துக்கொள்ளும் கேம்களும் சந்தா இருக்கும்வரைதான். பரீட்சைக் காலத்தில் தொடாமல் இருந்தாலும் சந்தா ஓடும். அதனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வருஷச் சந்தாவைவிட ஏப்ரல், மே மட்டும் மாதச் சந்தா போடுவதே சிக்கனம்.

## ‘பிரைமரி அக்கவுண்ட்’ என்று விற்பவை

5,000 ரூபாய் கேம் 1,200-க்கு என்று டெலிகிராமில் வருவது பெரும்பாலும் இதுதான். யாரோ ஒருவரின் அக்கவுண்ட் பாஸ்வேர்டை வாங்கி உங்கள் கன்சோலில் ஷேரிங் போட்டுவிடுவார்கள். விற்றவர் எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றிவிடலாம், அதையே இன்னொருவருக்கும் விற்கலாம். கம்பெனி விதிக்கும் விரோதம், அக்கவுண்டே முடக்கப்படலாம். டிஜிட்டலை மறுவிற்பனை செய்ய நேர்வழி இல்லாததால் முளைத்த வியாபாரம் இது. மலிவு என்றாலும் தொடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | புது டிஸ்க் | பழைய டிஸ்க் | டவுன்லோடு | சந்தா |
|---|---|---|---|---|
| நிகரச் செலவு (உதாரணம்) | 1,999 | 500 | 2,499 முதல் 4,999 | ஆடும் எண்ணிக்கையைப் பொறுத்தது |
| விற்க, இரவல் தர | முடியும் | முடியும் | முடியாது | முடியாது |
| செய்தவருக்குப் பணம் | போகும் | போகாது | போகும் | போகும் |
| நெட் தேவை | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் | அதிகம் |
| பெரிய ஆபத்து | தாமதித்து விற்பது | கீறல், வேறு நாட்டுப் பதிப்பு | பணம் திரும்பாது | கேம் பட்டியலை விட்டுப் போவது |

## யாருக்கு எது

வருஷத்துக்கு மூன்று நான்கு பெரிய கேம் ஆடி முடித்துவிடுபவர், நெட் சுமாரான ஊரில் இருப்பவர், டிஸ்க் மாற்றிக்கொள்ள நண்பர் வட்டம் உள்ளவர் ஆகியோர் டிரைவ் உள்ளதை வாங்குங்கள். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வருஷம் முழுவதும் ஒரே ஆன்லைன் கேமில் இருப்பவர், இரண்டு கன்சோல் உள்ள குடும்பம், சின்னக் குழுக்களின் கேம்களையே விரும்புபவர் ஆகியோருக்கு டிஜிட்டல் எடிஷன் போதும்.

இப்போது கையில் பணம் குறைவு, பின்னால் டிஸ்க் வேண்டும் என்று தோன்றலாம் என்பவர் பின்னால் வந்த மெல்லிய மாடலான பிஎஸ் 5 ஸ்லிம் டிஜிட்டலைப் பார்க்கலாம். அதில் டிரைவைப் பிறகு வாங்கிப் பொருத்த முடியும். 2020-இல் வெளியான பழைய டிஜிட்டல் எடிஷனில் முடியாது, செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்தியதும் டிரைவையும் கன்சோலையும் இணைக்க ஒருமுறை நெட் கட்டாயம் வேண்டும். டிரைவ் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று கன்சோலுக்குப் பணம் கட்டும் முன்பே கடையில் கேட்டுவிடுங்கள். அந்த விலையையும் சேர்த்தால் டிரைவ் உள்ள மாடலைத் தாண்டிவிடும் என்றால், முதலிலேயே அதை எடுத்துவிடலாம்.